பதிப்பு எண்ணை வைத்து இயங்குதளத்தை மதிப்பிட்டால்

புதிதாக ஓர் இயங்குதளம் வெளியானால் அதன் வேகம், தோற்றம், பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்றெல்லாம் பக்கம் பக்கமாக விமர்சனம் வருகிறது. அதன் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணை யாரும் விமர்சிப்பதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று கலந்துகட்டி ஓடும் கணினிகளைப் பராமரிப்பது என் தொழில். கோளாறு என்று அழைப்பு வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வியே "பதிப்பு எண் என்ன?" என்பதுதான். நாள் முழுக்கப் புழங்குகிற பொருளைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆகவே இந்த விமர்சனம் எண்களுக்கு மட்டும்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பதிப்பு எண்ணைப் பார்த்ததும் அது எவ்வளவு பழையது என்று தெரிய வேண்டும். இரண்டு எண்களை அருகருகே வைத்தால் எது புதியது என்பதில் மனிதருக்கும் சந்தேகம் வரக் கூடாது, நிரலுக்கும் வரக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்கள் எப்போது நின்றுபோகும் என்பதையும் அந்த எண்ணிலிருந்தே கணக்கிட முடிந்தால் முழு மதிப்பெண்.

விண்டோஸிலிருந்து தொடங்குகிறேன், அதிகம் குறை சொல்ல வேண்டியிருப்பது அங்கேதான். விண்டோஸ் 11 ஓடும் கணினியில் 'வின்வர்' என்று தட்டிப் பாருங்கள். சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். மேலே பெரிதாக விண்டோஸ் 11. கீழே பதிப்பு 24எச்2 (2024-இன் இரண்டாம் அரையாண்டு) என்று ஒரு வரி. அதே வரியில் அடைப்புக்குறிக்குள் பில்ட், அதாவது உருவாக்க வரிசை எண், 26100, பிறகு ஒரு புள்ளி, அதன்பின் இன்னோர் எண். இப்போது கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'வெர்' என்று தட்டுங்கள். 10.0.26100 என்கிறது. 11 என்ற எண் அந்த வரியில் எங்குமே இல்லை. உதவி கேட்டு அழைப்பவர் இவற்றில் எதைப் படித்துச் சொல்வார் என்பது அவர் எந்தப் பெட்டியைத் திறந்தார் என்பதைப் பொறுத்தது. எனக்கு உண்மையாகப் பயன்படுவது பில்ட் எண் ஒன்றுதான். மேசைக் கணினியில் அது 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11, கீழே என்றால் 10. புள்ளிக்குப் பின்னால் வருவதைப் பார்த்து எந்த மாதத்துத் திருத்தம் வரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். பயனாளர் கண்ணில் படாத மூலையில் கிடக்கும் இந்த எண்தான் விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்யும் எண்.

குழப்பம் நேற்று முளைத்ததல்ல. 1993-இல் வந்த, இன்றைய விண்டோஸின் மூதாதையான முதல் விண்டோஸ் என்டிக்கு 1.0 என்று பெயர் வைக்கவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த விண்டோஸ் 3.1-உடன் ஒத்துப்போகட்டும் என்று அதற்கும் 3.1 என்றே வைத்தார்கள். கணக்கு அங்கிருந்துதான் ஓடிவருகிறது. விண்டோஸ் 2000 உள்ளே 5.0, எக்ஸ்பி 5.1, விஸ்டா 6.0. அடுத்ததற்கு வெளியே 7 என்று பெயர், உள்ளே 6.1. விஸ்டாவில் முதல் எண் 5-இலிருந்து 6-க்கு மாறியதாலேயே தகராறு செய்த நிரல்கள் பல. அந்த அவதி மறுபடியும் வேண்டாமென்று 7-இல் முதல் எண்ணைத் தொடாமல் விட்டார்கள். 8 என்பது 6.2, 8.1 என்பது 6.3. விண்டோஸ் 10-இல் ஒரே தாவலாக உள்ளேயும் 10.0 ஆக்கினார்கள். வெளிப்பெயரும் உள்ளெண்ணும் ஒருவழியாகச் சேர்ந்துகொண்டன என்று நான் உள்ளபடியே மகிழ்ந்தேன். 2021-இல் 11 வந்தது. உள்ளே அதே 10.0.

ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 1507, 1511, 1607 என்று விண்டோஸ் 10-க்கு வைத்த நான்கு இலக்க எண்கள் எனக்குப் பிடித்திருந்தன. அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. அவை பெரும்பாலும் வேலை முடிந்த மாதத்தைச் சொல்லின, மக்கள் கைக்கு வந்த மாதத்தை அல்ல. 1809 என்பது அக்டோபர் 2018-இல் வெளியாகி, பயனாளர்களின் கோப்புகளை அழிக்கிறது என்று புகார் வந்ததும் திரும்பப் பெறப்பட்டு, நவம்பரில் மீண்டும் வந்தது. எண் மட்டும் செப்டம்பரிலேயே நின்றது. 2020-இன் முதல் பதிப்பு விண்டோஸ் சர்வர் 2003 போன்ற பழைய பெயர்களோடு குழம்பக் கூடாது என்பதற்காக 2003 ஆகாமல் 2004 என்று பெயர் பெற்றது. அதைக் கேட்பவர் மனதில் வருவது 2004-ஆம் ஆண்டுதான். அதன்பிறகு 20எச்2 என்று அரையாண்டுக் கணக்குக்கு மாறியதை வரவேற்கிறேன். ஆண்டு வெளிப்படையாகத் தெரிகிறது. விண்டோஸ் 11-இல் வீட்டுப் பதிப்புக்கு 24 மாதம், நிறுவனப் பதிப்புக்கு 36 மாதம் என்ற ஆதரவுக் காலத்தையும் அதிலிருந்து ஏறக்குறையக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆனாலும் ஒரே பொருளுக்கு நான்கு எண்கள் என்ற அடிப்படைக் குறை போகவில்லை. பத்துக்கு நான்கு.

இயங்குதளங்கள் நிரல்களிடம் பொய் எண் சொல்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பொய்யை நான் குறையாகச் சொல்லவில்லை. பழைய நிரல்கள் செத்துப்போகாமல் இருக்க அது தேவைப்படுகிறது. விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 5-உடன் 'செட்வர்' என்றே ஒரு கட்டளை வந்தது. நிரலின் பெயரையும் அதனிடம் சொல்ல வேண்டிய பதிப்பு எண்ணையும் எழுதிக்கொடுத்தால், டாஸ் அந்த நிரலிடம் மட்டும் அந்த எண்ணைச் சொல்லும். விண்டோஸ் 95 உண்மையில் 4.0. பழைய நிரல்கள் கேட்டால் தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. காரணம், விண்டோஸ் 3.1 உள்ளே 3.10. முதல் எண் குறைந்தது 3, இரண்டாம் எண் குறைந்தது 10 என்று இரண்டையும் தனித்தனியே சோதித்த நிரல்கள் இருந்தன. 4.0-இல் இரண்டாம் எண் பூஜ்யம். அவற்றின் கணக்குப்படி 4.0 பழையது. 95 என்று வைத்தால் எந்தச் சோதனையிலும் தேறிவிடும். விண்டோஸ் 8.1 முதல் இன்னொரு ஏற்பாடு: இந்தப் பதிப்பை எனக்குத் தெரியும் என்று அறிவிக்காத நிரல் பழைய முறையில் பதிப்பைக் கேட்டால் 6.2 என்ற பதில்தான் கிடைக்கும்.

கால் நூற்றாண்டு கழித்து அதே பிழை என் கையில் வந்து விழுந்தது, இம்முறை மேக் கணினியில். மேக் ஓஎஸ் எக்ஸ் 10.0 வந்தது மார்ச் 2001-இல். அதிலிருந்து 2019-இன் 10.15 வரை முதல் எண் அசையவே இல்லை. பெரிய மாற்றங்கள் எல்லாம் இரண்டாம் எண்ணில் ஏறின. 2020-இல் பிக் சர் என்ற பதிப்பு வந்து அதை 11 ஆக்கியது. அந்தச் சமயத்தில் கணக்குவழக்கு மென்பொருள் ஒன்றை நிறுவிக்கொடுக்க வேண்டியிருந்தது. அதன் நிறுவி, அதாவது நிறுவும் நிரல், ஓடத் தொடங்கியதுமே நின்றது: 10.13 அல்லது அதற்குப் புதியது வேண்டும், உங்களுடையது பழையது. கணினியில் இருந்ததோ 11.2. நிறுவியைப் பிரித்து உள்ளே இருந்த ஸ்கிரிப்டைத் திறந்தேன். முதல் எண் 10 அல்லது அதற்கு மேலா என்று பார்க்கிறது, சரி என்கிறது. அடுத்து இரண்டாம் எண் 13 அல்லது அதற்கு மேலா என்று பார்க்கிறது. அங்கே 2 இருக்கிறது. தோல்வி.

இப்படி நடக்கும் என்று ஆப்பிள் பொறியாளர்கள் எதிர்பார்த்திருந்தார்கள் என்பதுதான் நான் பாராட்ட வருவது. பிக் சரில் 'சிஸ்டம் வெர்ஷன் காம்பேட்' என்ற சூழல் மாறிக்கு (நிரல்கள் படித்துக்கொள்ளும் ஓர் அமைப்பு மதிப்பு) 1 என்று மதிப்புக் கொடுத்தால், கணினி தன்னை 11 என்று சொல்லாமல் 10.16 என்று சொல்லும். அப்படி ஒரு பதிப்பு வெளியானதே இல்லை. மாறியை வைத்து நிறுவியை மறுபடி ஓட்டினேன். 16 என்பது 13-ஐவிடப் பெரியது. நிறுவி மறுபேச்சின்றி ஓடி முடித்தது. அந்த மென்பொருளை விற்ற நிறுவனத்துக்கு ஸ்கிரிப்டில் எந்த வரி தவறு என்று எழுதி அனுப்பினேன். எண்களை இடமிருந்து வலமாக ஒப்பிட வேண்டும், முதல் எண்ணிலேயே பெரியது தெரிந்துவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். 10.10 வந்தபோதும் இதேபோல ஒரு வலை இருந்தது. எழுத்துவரிசைப்படி அடுக்கினால் 10.10 வந்து நிற்பது 10.9-க்கு முன்னால். தசம எண்ணாகப் படித்தால் 10.10-ம் 10.1-ம் ஒன்றே. பதிப்பு எண்ணில் வரும் புள்ளி தசமப் புள்ளி அல்ல என்பதை நிரல் எழுதப் பழகும் ஒவ்வொருவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன்.

வலைத்தளம் நடத்துபவர்களுக்கும் இங்கே ஒரு செய்தி இருக்கிறது. உலாவிகள் பல இன்னமும் மேக் கணினியை 10.15.7 என்றே தளங்களிடம் அறிமுகப்படுத்துகின்றன. விண்டோஸ் 11-ஐ என்டி 10.0 என்கின்றன. வருகைப் பதிவேட்டில் அந்த வரியை மட்டும் நம்பி, எல்லாரும் பழைய கணினி வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டாதீர்கள்.

ஆப்பிள் 2025-இல் எடுத்த முடிவுக்கு வருகிறேன். கைப்பேசியில் 18, மேக்கில் 15, கைக்கடிகாரத்தில் 11, விஷன் தலைக்கருவியில் 2 என்று ஆளுக்கொரு திசையில் போய்க்கொண்டிருந்த எண்களை எல்லாம் ஒரே நாளில் 26 ஆக்கினார்கள். பலர் இதை வெறும் விளம்பர உத்தி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் 26 என்றால் ஒரே பருவத்தில் வந்தது என்று இப்போது தெரிகிறது. செப்டம்பர் 2025-இல் வெளியானதற்கு 26 என்று எண் வைத்தது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. பிறந்த ஆண்டை வைத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, மேக் இயங்குதளத்தின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு எந்த நாளில் முடியும் என்று ஆப்பிள் முன்கூட்டி அறிவிப்பதில்லை. கடைசி மூன்று பதிப்புகளுக்குத் திருத்தம் வருகிறது என்ற வழக்கத்தை நம்பித்தான் திட்டமிட வேண்டியிருக்கிறது. பத்துக்கு ஆறு.

நான் மனமார விரும்பும் எண் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டினுடையது. அக்டோபர் 2004-இல் வந்த முதல் பதிப்பு 4.10. ஆண்டு, புள்ளி, மாதம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முறை மாறவில்லை. ஏப்ரல் 2006-இல் வர வேண்டிய பதிப்பு தாமதமாகி ஜூனில் வந்தபோது எண்ணையும் 6.04-இலிருந்து 6.06-க்கு மாற்றினார்கள். 1809-உடன் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் தள்ளிப்போனால் எண்ணும் தள்ளிப்போக வேண்டும், அப்போதுதான் அந்த எண்ணை நம்பலாம். மருந்து அட்டையில் தயாரித்த மாதம் அச்சிட்டிருப்பதுபோல இதைப் படிக்கலாம். யாராவது சர்வரில் 20.04 ஓடுகிறது என்றால் வேறெதையும் பார்க்காமல் எனக்குத் தெரியும்: நீண்டகால ஆதரவுப் பதிப்பு, ஐந்து ஆண்டு, 2025-இல் அடிப்படை ஆதரவு முடிந்துவிட்டது, கூடுதல் ஆதரவுக்குப் பதிந்திருக்கிறார்களா என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். இதில் ஒரே குறை, 22.04-க்கு ஐந்து ஆண்டு ஆதரவு, 22.10-க்கு ஒன்பதே மாதம் என்ற பெரிய வித்தியாசம் எண்ணில் தெரியாதது. இரட்டைப்படை ஆண்டு, ஏப்ரல் மாதம் என்றால் நீண்டகாலப் பதிப்பு என்பது பழகியவர்களுக்குத்தான் தெரியும். புதிதாக வந்த ஒருவர் 22.10 பெரிய எண் என்று அதைச் சர்வரில் ஏற்றிவிட வாய்ப்பிருக்கிறது. அதற்காக ஒன்று கழித்து, பத்துக்கு ஒன்பது.

இன்னொரு லினக்ஸ் வெளியீடு டெபியன் 13, டெபியன் 12 என்று முழு எண்ணாகப் போகிறது. நாள் தெரியாது, வரிசை தெளிவு. அதன் வரலாற்றில் 1.0 என்று ஒரு பதிப்பே கிடையாது. 1995-இன் இறுதியில் குறுவட்டு விற்கும் நிறுவனம் ஒன்று, முடிவடையாத பதிப்பை எடுத்து டெபியன் 1.0 என்று போட்டு விற்றுவிட்டது. அதோடு குழப்பம் வரக் கூடாது என்று டெபியன் குழுவினர் தங்கள் பதிப்பை 1.1 என்று 1996-இல் வெளியிட்டார்கள். முதல் முழுப் பதிப்பின் எண்ணைப் பயனாளருக்காக விட்டுக்கொடுத்த குழு அது. ஸ்லாக்வேர் 4.0-இலிருந்து 7.0-க்குத் தாவியது. மற்ற லினக்ஸ் வெளியீடுகளின் எண்கள் பெரிதாக இருந்ததால் தன்னுடையது பின்தங்கியதாகத் தோன்றக் கூடாது என்ற கவலை அதற்கு. அந்தக் கவலை புரிகிறது. ஆனால் தாவிய இடத்தில் 5-ம் 6-ம் எங்கே என்று பின்னால் வருபவர்கள் தேடிக்கொண்டே இருப்பார்கள்.

இந்த வெளியீடுகள் எல்லாவற்றுக்கும் மையக்கருவான லினக்ஸ் கெர்னலின் கதை வேறு மாதிரி. 2.4, 2.6 போல இரண்டாம் எண் இரட்டைப்படை என்றால் நம்பிப் பயன்படுத்தலாம், 2.5 போல ஒற்றைப்படை என்றால் சோதனை என்று ஒரு காலத்தில் அதற்குத் தெளிவான பொருள் இருந்தது. 2003-இல் 2.6 வந்தபின் அந்த வழக்கம் போய்விட்டது. 2.6.39 வரை நீண்டு, 2011-இல் லினக்ஸின் இருபதாம் ஆண்டையொட்டி 3.0 ஆனது. உள்ளே தலைகீழ் மாற்றம் எதுவும் இல்லை என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போதே சொல்லிவிட்டார். 2019-இல் 4.20-க்குப் பிறகு 5.0-க்குப் போனதற்கு, எண்ணுவதற்குக் கைவிரலும் கால்விரலும் தீர்ந்துவிட்டன என்பதே அவர் தந்த காரணம். முதல் எண் மாறினால் பெரும் மாற்றம் என்று நினைத்துப் பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: 5.19-க்கும் 6.0-க்கும் இடையிலான தூரம், 5.18-க்கும் 5.19-க்கும் இடையிலான தூரம்தான். பழைய நிரல்களுக்காக இங்கும் பொய் உண்டு. 'செட்ஆர்ச்' கட்டளையில் ஒரு தேர்வைக் கொடுத்து நிரலை ஓட்டினால், கெர்னல் தன்னை இன்னமும் 2.6 என்றே சொல்லும்.

ஆனால் கெர்னலில் நான் மதிப்பது மூன்றாம் எண்ணை. நீண்டகால ஆதரவு பெற்ற 4.4 கெர்னல் ஜனவரி 2016-இல் வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் வர வர 4.4.1, 4.4.2 என்று மூன்றாம் எண் ஏறிக்கொண்டே போனது. பிப்ரவரி 2021-இல் அது 256-ஐத் தொட வேண்டிய கட்டம். அங்கே ஒரு சிக்கல். கெர்னல் தன் மூன்று எண்களையும் ஒரே எண்ணாகச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதில் மூன்றாம் எண்ணுக்கு ஒதுக்கியிருந்த இடம் எட்டு பிட். 255 வரைதான் கொள்ளும். 256 என்று போட்டால் அது வழிந்து இரண்டாம் எண்ணில் ஒன்றைக் கூட்டிவிடும். அந்த எண்ணைப் பார்க்கும் நிரல்களுக்கு 4.4.256 என்பது 4.5.0 ஆகத் தெரியும். கெர்னலின் நிலையான பதிப்புகளைக் கவனிக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன், 4.4.256, 4.9.256 ஆகிய இரண்டையும் பதிப்பு எண் மாற்றத்துக்கென்றே தனியாக வெளியிட்டு, எங்கே என்ன உடைகிறது என்று சோதித்துச் சொல்லுமாறு எல்லாரையும் கேட்டுக்கொண்டார். நிரல்களுக்குச் சொல்லப்படும் மூன்றாம் எண் 255-ஐத் தாண்டாமல் நிறுத்திவைக்கப்பட்டது. கெர்னலின் எண்ணைக் காட்டும் யூநேம் கட்டளையில் மட்டும் உண்மையான எண் தொடர்ந்து ஏறியது. ஒரு பதிப்பை ஐந்து ஆண்டு விடாமல் பழுதுபார்த்ததால், எண்ணை வைக்கும் இடமே போதாமல் போனது. 4.4.255 என்ற எண்ணைப் பார்த்தால் எனக்குப் பழமை தெரியவில்லை, அத்தனை முறை யாரோ உட்கார்ந்து சரிசெய்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. பத்துக்கு ஏழு தருகிறேன். ஆண்டு தெரியாததற்கு மூன்று குறைத்தேன்.

ஆண்ட்ராய்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 4.1, 4.2, 4.3 மூன்றுக்கும் ஜெல்லி பீன் என்று ஒரே பெயர் வைத்துக் குழப்பிய காலம் முடிந்து, 2019-இல் இனிப்புப் பெயர்களைப் பொதுவெளியில் கைவிட்டு வெறும் 10 என்று வந்தது நல்லது. நிரல் எழுதுபவர்களுக்கு, நிரல்கள் பயன்படுத்தும் வசதிகளின் பதிப்பைக் காட்டும் ஏபிஐ லெவல் என்று தனி வரிசை இருக்கிறது. ஆண்ட்ராய்டு 16 என்றால் 36. புள்ளியில்லாத முழு எண் என்பதால் ஒப்பிடுவதில் தவறு வராது. மேக் நிறுவியை எழுதியவருக்கு இப்படி ஓர் எண் கிடைத்திருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும். கைப்பேசி வாங்குபவர்கள் 15-ஆ, 16-ஆ என்று பார்ப்பதைவிட, அமைப்புகளில் இருக்கும் பாதுகாப்புத் திருத்த நாளைப் பாருங்கள். முழுத் தேதியே அங்கே எழுதியிருக்கும். பெரிய எண்ணும் ஓராண்டுப் பழைய திருத்தமும் உள்ள கைப்பேசியைவிட, சின்ன எண்ணும் போன மாதத் திருத்தமும் உள்ளது எவ்வளவோ மேல்.

ஆர்ச் லினக்ஸில் பதிப்பு எண்ணே இல்லை. தொடர்ந்து புதுப்பிக்கப்படும் இயங்குதளத்துக்கு அது நேர்மையான முடிவுதான். கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள் என்று கேட்டால் போதும்.

மூன்றாவது எதிர்பார்ப்பு, ஆதரவு முடியும் நாள், எந்த எண்ணிலும் நேரடியாக இல்லை. ஆனால் அதற்கு ஓர் இடம் பிறந்துவிட்டது. பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற சிறு கோப்பு இருக்கிறது. பெயர், பதிப்பு எண் எல்லாம் அதில் வரிவரியாக இருக்கும். 2022-இல், லினக்ஸ் கணினியைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அந்தக் கோப்பில் 'சப்போர்ட் எண்ட்' என்ற வரிக்கு வழி செய்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வெளியீடு அதில் ஆண்டு, மாதம், நாள் என்று முழுத் தேதியை எழுதுகிறது. அந்த நாள் கடந்துவிட்டால் கணினி தொடங்கும்போதே எச்சரிக்கை வருகிறது. நான் பராமரிக்கும் கணினிகளின் பட்டியலில் இந்தத் தேதிக்கென்று தனி நெடுவரிசை ஒன்றை வைத்திருக்கிறேன். ஃபெடோரா கணினிகளுக்கு அது ஸ்கிரிப்ட் மூலம் தானாக நிரம்புகிறது. மற்றவற்றுக்கு இன்னமும் நிறுவனங்களின் அறிவிப்புப் பக்கங்களைப் பார்த்துக் கையால் நிரப்புகிறேன்.